கம்மஞ்சோறும் ஒரு கேள்வியும்

விளாத்திகுளத்திலிருந்து புதூர் செல்லும் சாலையை விட்டு இறங்கி, ஐப்பசி மழைக்குப் பின் புஞ்சைக்குள் நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள். ஈரக் கரிசல் காலைக் கவ்விக்கொள்ளும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கோடையில் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அருகில் வைப்பாறு உண்டு என்றாலும், ஆண்டின் பெரும்பகுதியில் அதில் காண்பது மணலைத்தான். புரட்டாசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பியிருந்து, தையில் அறுக்கும் மானாவாரி பூமி அது. அந்த மண் தந்த எளிய உணவையும், அதை உண்ட பொழுதுகளின் இனிமையையும் எழுத எண்ணியே அமர்ந்தோம். எழுதத் தொடங்கியபின் கட்டுரை வேறொரு பக்கம் திரும்பிவிட்டது.

1980களில் எங்கள் வீட்டில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிகளுக்கும் உரியது. ரேஷன் கடையில் அரிசி போட்டால் சில நாள்கள் கூடுதலாகக் கிடைக்கும். மற்றபடி கம்பு, சோளம், குதிரைவாலி இவையே. மாலையில் விளையாடிவிட்டு வரும்போது தெருமுனையிலேயே மோர் மிளகாய் வறுபடும் நெடி எதிர்கொண்டு அழைக்கும். பருத்திமார் எரிந்து தணிந்த அடுப்பில் கம்மஞ்சோற்றுப் பானை புழுங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் மூவரும் முற்றத்தில் வரிசையாக உட்காருவோம். அம்மா சோற்றை அகப்பையால் எடுத்து உருட்டிக் கும்பாவில் வைத்து, நடுவில் குழி செய்து, குழம்பை ஊற்றுவாள். தொட்டுக்கொள்ள மிதுக்கு வத்தலோ காணத் துவையலோ இருக்கும். மிஞ்சிய உருண்டைகள் தண்ணீருக்குள் போய், மறுநாள் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்ந்து கஞ்சியாகும். அந்தப் புளிப்பின் குளிர்ச்சியை எந்த ஊரிலும் பிறகு நாங்கள் கண்டதில்லை.

இந்த நினைவைப் பல ஆண்டுகளாக வகுப்பறையில் செலவழித்து வந்தோம். வரகும் தினையும் கொள்ளும் அவரையும் தவிர உணவென்று வேறில்லை என்னும் மாங்குடி கிழாரின் புறப்பாட்டைச் சொல்லும்போது, அந்தக் கொள்ளுதான் நம் ஊர்க் காணம் என்று சேர்த்துச் சொல்லுவோம். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது இப்பேச்சுக்குப் புதிய மவுசு வந்தது. அந்நாள்களில் ஒருமுறை, ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று வகுப்பில் நடந்துகொண்டிருந்தது. புல்வேளூர்ப் பூதன் என்பவன் வரகரிசிச் சோறும் கத்தரிக்காயும் புளித்த மோரும் அன்போடு இட்டதற்கு, இந்த உலகம் முழுவதையும் கொடுத்தால்தான் ஈடாகும் என்று கிழவி வியக்கும் பாடல் அது. எளிய உணவு, பெரிய மனம் என்று விளக்கம் சொல்லி முடித்த வேளையில், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார்.

"ஐயா, அந்த வரகைக் குத்தினது யாரு?"

வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் விடை இல்லை. பாட்டில் இட்டவன் பெயர் இருக்கிறது, அவன் ஊர் இருக்கிறது, மோரின் புளிப்புகூட இருக்கிறது. குத்திய கை இல்லை. வரகு தெரிந்தவர்களுக்கு இது சிறிய செய்தி அன்று. அதன் உமி எளிதில் விட்டுப்போவதில்லை.

அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் பேசினோம். இந்தப் பொங்கலுக்கு எல்லாரும் வருகிறோம், பழையபடி கம்மஞ்சோறு ஆக்கிச் சாப்பிட வேண்டும் என்றோம். மகிழ்வாள் என்று எதிர்பார்த்தோம்.

"ஏய்யா, உங்களுக்குத் தின்ன ருசி ஞாபகத்துல இருக்கு. எனக்குக் குத்துன கைவலிதான் இருக்கு. நெல்லுச்சோறு ஆக்கிப் போடுறேன், வாங்க" என்றாள்.

அதன் பிறகே சிலவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தோம். கம்பில் நீர் தெளித்து உரலில் இட்டு, மேலோட்டமாகக் குத்தி, சுளகில் புடைத்து உமியைப் போக்க வேண்டும். மீண்டும் குத்திக் குருணையும் மாவுமாகப் பிரிக்க வேண்டும். உலையில் முதலில் குருணை, அது வெந்தபின் மாவு. கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனையும் களையெடுக்கப் போகும் முன்போ, போய்த் திரும்பிய பின்போ நடந்தாக வேண்டும். விடியற்காலையின் உலக்கைச் சத்தம் எங்களுக்குத் தாலாட்டைப்போல் இருந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம்.

இன்னொன்று. அம்மா உண்பதை நாங்கள் பார்த்ததே இல்லை. அப்பாவும் நாங்களும் உண்டு படுத்தபின், அடுப்பங்கரையில் அகப்பை பானையின் அடியில் உரசும் ஓசை கேட்கும். அதுதான் அவள் உண்பதற்கான அடையாளம். சில இரவுகளில் அந்த ஓசை நெடுநேரம் கேட்கும். பானையில் நிறைய இருந்தால் நெடுநேரம் சுரண்ட வேண்டியதில்லை என்பது விளங்க எங்களுக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவைப் பள்ளியில் நாங்கள் உண்டுவிட்டு வருவோம். "பள்ளிக்கூடம் இருக்கிற நாள்ல எனக்கும் மத்தியானம் கஞ்சி இருக்கும்" என்று அம்மா ஒருமுறை சொன்னது வேடிக்கைப் பேச்சில்லை, கணக்கு.

கரிசல் உணவு இலக்கியத்தில் இடம்பெறாத ஒன்றல்ல. இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் அன்றாடத்தைக் கூச்சமின்றி எழுதினார். 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியே தொகுத்தளித்தார். அவர்வழியே எங்கள் வீட்டுச் சொற்கள் எங்களுக்குப் பெருமையாயின. அந்தப் பெருமை மெய்தான். சொல்லை மீட்டுக்கொண்ட நாங்கள், சொல்லுக்குப் பின்னால் நின்றவளை மறந்தது எங்கள் பிழை.

பொங்கலுக்கு ஊர் சென்றோம். வழிநெடுகிலும் மக்காச்சோளம். கம்பும் சோளமும் நின்ற புஞ்சைகளில் இப்போது பெருமளவு அதுதான். 2018இல் படைப்புழு வந்து அழித்துப் போட்ட பின்பும் மக்கள் அதை விடவில்லை. கைக்குப் பணம் தருகிறது. விளைவது கோழித்தீவன ஆலைகளுக்குப் போகிறது, விளைவித்தவர் வீட்டு அடுப்புக்கு வருவதில்லை. இதைக் குறைசொல்ல எங்களுக்கு நா எழவில்லை. ரேஷன் அரிசி வந்து உலக்கை ஓய்ந்ததில் எத்தனை தோள்கள் வலி நீங்கியிருக்கும்!

ஆயினும் கம்மஞ்சோறு ஆக்கினோம். ஆக்கியது நாங்கள். மில்லில் உடைத்து வந்த கம்பு, எரிவாயு அடுப்பு. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அண்ணன் துடுப்பைப் பிடித்தார். மாவு கட்டி தட்டியது. "தண்ணி காயாமப் போட்டா அப்படித்தான். தீயைக் குறை, கிண்டு, நிறுத்தாத" என்று அம்மா அங்கிருந்தபடியே ஆணையிட்டாள். கால்மணி நேரத்தில் அண்ணனுக்குத் தோள் இறங்கிவிட்டது. தங்கை வாங்கிக் கிண்டினாள். பிறகு அடுத்தவர். மூன்று பேர் சேர்ந்து ஒரு பானைச் சோறு.

முதல் கும்பா அம்மாவுக்கு. அவளுக்கு அது பழக்கமில்லை. கும்பாவை முன்னால் வைத்துக்கொண்டு, யாருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். நாங்களும் உட்கார்ந்த பிறகே கை வைத்தாள். மோர் மிளகாயைக் கடித்தாள். கண்ணில் நீர் வந்தது; காரந்தான்.

"எப்படிம்மா இருக்கு?"

"கட்டியா இருக்கு. உப்பும் கூட." இன்னொரு வாய் எடுத்துக்கொண்டாள். "இருக்கட்டும். உக்காந்து திங்க நல்லாத்தான் இருக்கு."

கல்லூரி திறந்ததும் அந்த மாணவியிடம் சொல்ல வேண்டிய விடை ஒன்று இருந்தது. சொன்னோம். அன்று அந்தப் பாடல் இன்னொருமுறை நடந்தது. இம்முறை வரகு குத்துவதிலிருந்து தொடங்கினோம்.