முடிவு தெரிஞ்ச கதை

மகன் காட்டி, 'ஸ்டார் வார்ஸ்' கிறுக்கு எனக்கும் பிடிச்சிருச்சு. 1977-ல வந்த முதல் படத்துக்கு மூணு முன்கதை. அதுல கடைசி, 2005-ல வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்'தை நேத்து பார்த்தோம். அனாகின் கெட்டுப்போவான்னு முன்னாடியே தெரியும். ஆனாலும் மனசு பதறுச்சு. எங்க சங்கரன்கோவில் பக்கம் வில்லுப்பாட்டும் அப்படித்தான். முடிவு தெரிஞ்சேதான் அழுவோம்.

பொண்டாட்டி செத்துருவாளோன்னு பயந்து இருட்டுப் பக்கம் சாஞ்சவன், அந்தப் பயத்தாலயே அவளை இழந்தான். நானும் பிச்சித் தோட்டம் காஞ்சிருமேன்னு பயந்து, கடன் வாங்கி மூணு போர் போட்டேன். மூணுலயும் புழுதிதான். கடனை அடைக்க அந்தத் தோட்டத்தையே வித்தேன்.

"எப்படிப்பா இருந்துச்சு?"ன்னு மகன் கேட்டான்.

"நம்ம கதைதாம்ல"ன்னேன்.