மேல்வீட்டுத் தண்ணீர்

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு வீட்டின் தரைதான் இன்னொரு வீட்டின் கூரை! நடுவில் இருப்பது சில அங்குல கான்கிரீட். அதற்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு, சென்னைப் புறநகரில் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஓர் அபார்ட்மெண்டில் நடந்த கதை இது.

முதல் மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும். ஒரு நாள் ஹால் சீலிங்கில், ஃபேன் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை. ஒரே மாதத்தில் அது தாம்பாளம் அளவுக்கு வளர்ந்தது. பெயிண்ட் உரிந்து வெள்ளையாக உப்புப் பூத்தது. (கான்கிரீட் வழியாக ஊறி வரும் தண்ணீர், அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து வெளியே விட்டுவிட்டு உலர்ந்துபோகும். அந்த மிச்சம்தான் இந்த வெள்ளை.) கடைசியில் ஃபேன் மாட்டிய இடத்திலிருந்தே சொட்ட ஆரம்பித்தது.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வேறு யார், மேல்வீடுதான்! அங்கே கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் துபாயில். அசோசியேஷன் கூட்டத்தில், "குழந்தை இருக்கிற வீடு, பாத்ரூம்ல எந்நேரமும் தண்ணி கொட்டிட்டே இருக்கும்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். பாத்ரூம், கறைக்கு நேர் மேலே இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. தொல்லை விட்டால் போதும் என்று வீட்டுக்காரர் ரூ. 22,000 அனுப்பினார். டைல்ஸை உடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் பூசி, திரும்ப ஒட்டினார்கள். அந்த ஒரு வாரமும் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்.

எட்டாம் நாள் மறுபடி சொட்டியது.

அன்றைக்கு மாடிப்படியில் அந்தப் பெண்ணின் காதில் விழும்படி வாத்தியார் மனைவி சொன்னார்: "வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு வீட்டோட அருமை எங்க தெரியப்போகுது?" பொங்கலுக்குப் பொங்கலும் தீபாவளிக்குப் பலகாரமும் கொடுத்து வாங்கிய வீடுகள் அவை. அடுத்த மாதமே அந்தத் தம்பதி காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மேல்வீடு பூட்டியே கிடந்தது. ஆனாலும் சொட்டுவது நிற்கவில்லை! அப்போதுதான் வாத்தியாருக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. வயதான ப்ளம்பர் ஒருவரைக் கூட்டி வந்தார். வந்தவர் முதல் வேலையாக அந்த ஃபேனுக்குப் போகும் கரண்டை நிறுத்தச் சொன்னார். அடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்ப எப்ப சொட்டுது சார்?"

மூன்று மாதமாகச் சண்டை போட்டவர்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை.

கசிவைத் துப்பறியும் வேலை இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. இரவு பகல் பாராமல் ஒரே சீராக ஈரம் இருந்தால், எந்நேரமும் தண்ணீர் நிற்கிற சப்ளை பைப்பில் கோளாறு. யாராவது குளித்த பிறகோ துவைத்த பிறகோ மட்டும் என்றால், கழிவுநீர்க் குழாயோ டைல்ஸ் இடுக்கோ. மழைக்கு மட்டும் என்றால் மொட்டை மாடி அல்லது வெளிச்சுவர். இதில் ஒரு சிக்கலும் உண்டு. நம்மூர் பாத்ரூம்களில் தரையைப் பள்ளமாகப் போட்டு, குழாய் பதித்து, செங்கல் துண்டுகளால் நிரப்புவது வழக்கம். அந்தப் பள்ளம் ஒரு தொட்டி மாதிரி தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். மேலே குழாயை மூடிய பிறகும் பல நாள் கீழே சொட்டும். ஆகவே அவசரப்பட்டால் பதில் தப்பாகிவிடும்.

ப்ளம்பர் மேல்வீட்டுக்கான வால்வை மொட்டை மாடியில் மூடிவிட்டு, வாத்தியாரை ஒரு நோட்டுப் போடச் சொன்னார். தேதி, நேரம், எத்தனை சொட்டு. கணக்கு வாத்தியாருக்குச் சொல்லவா வேண்டும்! பதினைந்து நாள் எழுதினார். முடிவில் நோட்டைப் பார்த்தால் செவ்வாய், வெள்ளி சாயங்காலங்களில் மட்டும் சொட்டு அதிகம். மேல்வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியம்மா வீட்டில் வேலைக்காரம்மா வந்து வாஷிங் மெஷின் போடும் நாட்கள் அவைதான்!

முதலில் காலி வீட்டு பாத்ரூமில் சாயம் கலந்த தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் தேக்கி வைத்தார்கள். கீழே நிறம் வரவில்லை. அடுத்து பாட்டியம்மா வீட்டு சர்வீஸ் ஏரியாவில், மெஷின் தண்ணீர் இறங்கும் வாயில் சிவப்புச் சாயம். மறுநாள் காலை வாத்தியார் வீட்டு ஃபேன் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு. விரிசல் விட்ட அந்த வாயிலிருந்து கசிந்த தண்ணீர், டைல்ஸுக்கு அடியில் ஊர்ந்து, பக்கத்து வீட்டுச் சுவரையும் தாண்டி, கான்கிரீட்டுக்குள் பதித்த ஒயர் குழாய் வழியாக இறங்கியிருக்கிறது. தண்ணீருக்கு வழிதான் கணக்கு, நேர்கோடு கணக்கில்லை. செலவு ரூ. 1,800.

பாட்டியம்மாவுக்கு இத்தனை நாளும் எதுவுமே தெரியாது. அதில் அவர் தப்பும் இல்லை. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால் நாலேகால் லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஒரு வாளிகூட இல்லை! நஷ்டம் ஒரு வீட்டில், ரிப்பேர் செய்யும் சாவி இன்னொரு வீட்டில். பொருளாதாரத்தில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். விலைப்பட்டியலில் வராத செலவு இது. அதனால்தான் இரு தரப்பும் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு விசாரணை வேண்டியிருக்கிறது.

சட்டங்களும் இதைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். (வாத்தியார் அபார்ட்மெண்டுக்கு வயது பதினொன்று. அந்தக் கதவு மூடியாகிவிட்டது.) அடுக்குமாடியிலேயே வாழும் சிங்கப்பூரில், தனியார் குடியிருப்புகளுக்கான 2004ஆம் ஆண்டுச் சட்டம், கூரையில் ஈரம் தெரிந்தால் குறை மேலேதான் என்று அனுமானிக்கச் சொல்கிறது. ஆனால் மாற்று ஆதாரம் வரும்வரைதான்! அங்கே அரசு வீடுகளில் மேல்வீடு கீழ்வீடு இரண்டுக்குமே பொறுப்பு உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் உதவித் திட்டத்தில் கழகம் பாதிச் செலவை ஏற்க, மிச்சத்தை இரு வீடுகளும் கால் கால் பங்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

ரூ. 22,000ஐ அசோசியேஷன் திருப்பித் தர வேண்டும் என்று வாத்தியார் கூட்டத்தில் பேசினார். பாதி கிடைத்தது. காலி செய்து போன தம்பதியின் நம்பரைத் தேடி வாங்கி அவரே போனும் செய்தார். "பரவாயில்ல சார்" என்று அந்தப் பையன் சொல்லிவிட்டான். வாத்தியார் மனைவி பேசுவதற்குப் போனை வாங்குவதற்குள் கட் ஆகிவிட்டது.

சீலிங்குக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாயிற்று, கறை தெரியவில்லை. அந்த நோட்டு மட்டும் இப்போது அசோசியேஷன் அலமாரியில் இருக்கிறது. இனிமேல் யார் வீட்டில் ஒழுகினாலும் பதினைந்து நாள் எழுதிய பிறகுதான் டைல்ஸில் உளி வைக்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் வாத்தியார் எழுதி வைத்திருக்கிறார். யாரையும் குறை சொல்வதும் அதற்குப் பிறகுதான் என்று அதன் கீழே பென்சிலில் சேர்த்திருப்பது அவர் மனைவி.