35 மணி நேரத் தூரத்தில் அண்ணன்

சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம் என்று போனில் தேடினால், ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் என்று வரும். அது நேராகப் பறந்தால். துபாயில் இறங்கி மாறினால் கிட்டத்தட்ட 16,000.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. 35 மணி நேரம், அவ்வளவுதான். அண்ணன் அங்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, மூன்று மணி நேரம் முன்னதாக ஏர்போர்ட் போய், துபாய்க்குச் சுமார் 16 மணி நேரம் பறந்து, அங்கே காத்திருந்து, சென்னைக்கு இன்னொரு நான்கு மணி நேரம் பறந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு காரில் ஆறேழு மணி நேரம் வர வேண்டும். திங்கள் மதியம் கிளம்பினால் புதன் முற்பகல்தான் நம் வாசலில் செருப்பைக் கழற்ற முடியும்.

போன வருஷம் ஜூலையில் அப்பாவை மூச்சுத்திணறலோடு ஐ.சி.யூ.வில் சேர்த்தபோது, "அவன்கிட்ட இப்பவே சொல்லாதடி. தனியா கிடந்து பதறுவான். ரெண்டு நாள் பார்ப்போம்" என்றார் அம்மா. பாசம்தான். ஆனால் அந்த இரண்டு நாளோடு 35 மணி நேரத்தைக் கூட்டினால் மூன்றரை நாள். டாக்டரோ, நாலு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றிருந்தார்.

ஐஸ் பெட்டி வைத்து, வெளிநாட்டு மகனுக்காகக் காத்திருந்த வாசல்கள் எங்கள் தெருவிலேயே மூன்று உண்டு. முகத்தையாவது பார்த்தானே என்பார்கள். எனக்கு அது போதாது. அப்பா அவனோடு பேச வேண்டும். காலை பத்து மணிக்கு போன் போட்டேன். அங்கே முந்தைய நாள் இரவு ஒன்பதரை. கடைசி நேர டிக்கெட் விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

விமானம் எங்கே போகிறது என்று போனில் அம்மாவுக்குக் காட்டினேன். "துபாய் கிழக்கேதானே? இவன் ஏன் வடக்கே போறான்?" என்று பயந்துவிட்டார். என் மகன் தன் உலக உருண்டையை எடுத்து வந்து, இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தான். நூல் வடதுருவத்தை ஒட்டிப் போய் நின்றது. தட்டையான வரைபடத்தில் சுற்றுவழியாகத் தெரிவதுதான் உருண்டையில் குறுக்குவழி. 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா விமானத்தை ஓட்டி வந்ததும் துருவத்தின் மேலாகத்தான். அம்மா அந்த நூலை ராத்திரி வரை எடுக்கவிடவில்லை.

புதன்கிழமை அண்ணன் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்தான். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், மாஸ்க்குக்குள்ளிருந்து முதலில் கேட்டதே, "எப்படா கிளம்பினே?"

"திங்கக்கிழமைப்பா."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "லேட் இல்லை" என்றார்.

அதன்பின் ஒன்பது நாள் இருந்தார். அண்ணன் பக்கத்திலேயே இருந்தான். அந்தக்காலத்து ரயில் கதைகள் எல்லாம் அவனுக்குத்தான் கிடைத்தன.

இப்போதெல்லாம் தினமும் காலை எட்டு மணிக்கு அண்ணன் போன் செய்ததும், யாரும் கேட்காமலேயே அம்மா தன் பி.பி., சுகர் அளவை ஒன்றுகூடக் குறைக்காமல் சொல்லிவிடுகிறார்.