பழைய பெட்டி புகட்டிய பாடம்

கரும்பலகையில் நிலைமாற்றியின் படத்தை எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பது எனக்கே தெரியாது. கடைத்தெருவில் ட்ரான்ஸ்போமர் என்று வழங்குவது அதுதான். சதுரமான ஓர் இரும்புச் சட்டம். இடப்புறம் ஒரு சுருள், வலப்புறம் ஒரு சுருள். கீழே ஒரு சமன்பாடு. சுற்றுகள் எந்த விகிதமோ வோல்ற்றளவும் அந்த விகிதம். மாணவர் எழுதிக்கொள்வர், பரீட்சையில் புள்ளியும் பெறுவர். ஆயினும் அப்படத்தின் பாதிப் பொருளை நானே அறிந்திருக்கவில்லை என்பதைச் சென்ற ஏப்பிரல் விடுமுறையில்தான் உணர்ந்தேன். உணர்த்தியது ஒரு பழைய விளையாட்டுப் பெட்டி.

கொழும்பில் வேலை பார்க்கும் என் மருமகன், பாவித்த பொருள்கள் விற்குமிடத்தில் அதனை வாங்கி, லொறியில் ஏற்றி நோர்வூட்டிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். காசு போட்டு ஆடும் மின்விளையாட்டுப் பெட்டி. 1978இல் டைட்டோ நிறுவனத்தின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980இல் நம்கோவின் 'பக்-மேன்' ஆகியவை உலகை மயக்கியது இத்தகைய பெட்டிகளில் ஏறித்தான். ஆளுயர மர அலுமாரி. உள்ளே பழைய தொலைக்காட்சியில் உள்ளதைப் போன்ற கண்ணாடிப் படக்குழாய். முன்புறத்தில் காசு போடும் இரும்புக் கதவு. உளுத்த பலகைகளை மாற்றினோம், வண்ணம் பூசினோம், எஞ்சியது மின்சாரம்.

பெட்டி ஜப்பானுடையது. அந்நாட்டு வீடுகளில் 100 வோல்ற். நம் நாட்டில் 230. உள்ளிருந்த நிலைமாற்றியை யாரோ முன்னமே கழற்றியிருந்தார்கள். "இதுவும் ஒரு கணக்கா?" என்று பெருமிதத்துடன் கூறி, 230ஐ 100 ஆக்கும் சிறு பெட்டி ஒன்றை வாங்கிவந்து இணைத்தேன். திரையில் நிறங்கள் மலர்ந்தன. என் தங்கையின் கடைக்குட்டி, எட்டு வயதுச் சிறுமி, காசொன்றை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"நில்லு பிள்ளை!" என்று ஒரு குரல் அதட்டியது. கடைத்தெருவில் நெடுங்காலம் வானொலி திருத்திய பெரியவர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துக் காசுக் கதவில் வைத்தார். அதன் சிறு விளக்குச் செந்நிறமாய் எரிந்தது.

"வோல்ற்றைக் குறைச்சிட்டீங்க, மாஸ்டர். லைனைப் பிரிச்சீங்களா?" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. என் கண்களோ சிறுமியின் வெறுங்கால்களையும், மழையில் ஈரம் கசிந்த சீமெந்துத் தரையையுமே பார்த்துக்கொண்டிருந்தன.

செருகியைப் பிடுங்கிவிட்டு, நான் வாங்கிய பெட்டியை அவர் திறந்து காட்டினார். உள்ளே இரு சுருள்கள் இல்லை; ஒரே சுருள். அதன் இடையில் ஓரிடத்தில் கம்பி எடுத்து 100 வோல்ற் பெற்றிருந்தார்கள். செம்பு மிச்சம், விலையும் குறைவு; பல கருவிகளுக்கு அது போதும். ஆனால், வீட்டு மின்கம்பிகளுள் ஒன்று அதன் ஊடே வெளிப்பக்கம் வரை நேரே செல்கிறது. செருகி மாறிச் செருகப்பட்டால் அந்தக் கம்பி நிலத்தோடு ஒப்பிடுகையில் 230 வோல்ற்றிலேயே நிற்கும்.

பழைய தொலைக்காட்சிகள் பலவற்றின் உட்சட்டமும் இவ்வாறு மின்சாரத்தோடு நேரே தொடர்புடையதுதான். ஆனால் உறை எவரையும் அதனைத் தொட விடாது. எங்கள் பெட்டியிலோ, படக்குழாய்ப் பகுதியின் உட்சட்டம் விளையாட்டுச் சுற்றோடும், அதன் வழியே காசுக் கதவோடும் இணைந்திருந்தது. ஆகவேதான் இத்தகைய பெட்டிகளைச் செய்தவர்கள் படக்குழாய்க்கென்று இருசுருள் நிலைமாற்றியைத் தனியே வைத்தார்கள்.

1831இல் பரடே ஓர் இரும்பு வளையத்தில் இரு சுருள்களை ஒன்றையொன்று தொடாதவாறு சுற்றினார். தொடாமலே ஆற்றல் கடந்தது. அந்த இடைவெளியை ஆண்டுதோறும் வரைந்த நான், அது எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. விகிதத்தைக் கற்பித்தேன், பிரிவைக் கற்பிக்கவில்லை.

பெரியவர் சொற்படி, இருசுருள் நிலைமாற்றி ஒன்றைச் சுற்றுவித்தோம். படக்குழாய்ப் பகுதி ஏறக்குறைய 100 வாற் கொள்ளும். போடும் கணத்தில் அதனினும் மிகுதியாக இழுக்கும். ஆதலால் இருமடங்கு தாங்குவதாகச் செய்வித்தோம். அளவறிந்து உருகி இட்டோம். அறுந்த உருகிக்குச் செம்புக் கம்பி கட்டும் வழக்கத்தை விலக்கினோம். இரும்புக் கதவைப் புவித்தொடுப்புச் செய்தோம்.

இவ்வளவு செய்தும் அச்சம் நீங்கலாகாது என்றார் அவர். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் காக்கும் என்று நம்பிவிடக்கூடாது; நிலைமாற்றிக்கு அப்பால் நிகழும் ஒழுக்கை அது அறியாது. அங்குள்ள இரு கம்பிகளையும் ஒருங்கே தொட்டால் உயிருக்கு ஆபத்தே. படக்குழாயோ 20,000 வோல்ற் அளவில் ஏறிய மின்னேற்றத்தை, நிறுத்திய பின்னரும் வைத்திருக்கக்கூடும். அதனை இறக்குவது கற்றவர் கைக்குரியது. இடி முழங்கும் பிற்பகல்களில் செருகியைக் கழற்றிவிடுவதே அறிவு.

நோர்வூட்டை ஒட்டி ஓடும் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைகிறது. அந்நீரே 1965 முதல் நோர்ட்டன் பிரிட்ஜிலுள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவருகிறது. அந்த ஆற்றின் கரையில் நின்றும் எங்கள் முன்னோர் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கோடு காலம் கழித்தனர். காத்திருந்து பெற்ற செல்வம் மின்சாரம். அதனைப் பெற்றது போலவே, அதனோடு பழகும் முறையையும் நாம் பெறவேண்டாமா?

மறுபடி மின்சாரம் போட்ட அன்று, பெரியவர் மீண்டும் டெஸ்டரைக் கதவில் வைத்தார். விளக்கு எரியவில்லை. அதன் பின்னரே சிறுமி காசு போட்டாள்.

விடுமுறை முடிந்து வகுப்புக்குச் சென்றேன். வழக்கமான அதே படத்தையே வரைந்தேன். ஆனால் சமன்பாட்டை எழுதுமுன் மாணவரைக் கேட்டேன்: "இவ்விரு சுருள்களும் ஏன் ஒன்றையொன்று தொடவில்லை?"