எந்த ஊர் கப்?

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர் "ஒரு கப் பால்" என்று பக்குவம் சொன்னால், எந்த நாட்டுக்காரர் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. அமெரிக்கக் கப் 240-க்குச் சற்றுக் குறைவு. ஜப்பானில் 200, அதே ஜப்பானியர் அரிசி அளப்பது 180-இல்.

நாம் சிரிக்க முடியாது. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று வாய்பாடு ஒப்பித்தவர்கள்தான் நாமும். ஆனால் படி எவ்வளவு கொள்ளும் என்பது ஊருக்கு ஊர் வேறு. போதாததற்குக் களத்துமேட்டில் இன்னொரு வழக்கு: அளக்கிறவர் தலைதட்டுவார், வாங்குகிறவர் குவிக்கச் சொல்வார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் செங்கல்பட்டுச் சீமைக் கிராமங்களுக்கு எழுதிய ஓலைக் கணக்குகள் இருக்கின்றன. திருப்போரூர், வடக்குப்பட்டுக் கணக்குகள் நூலாகவும் வந்திருக்கின்றன. விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு, கொல்லருக்கு, தச்சருக்கு, வண்ணாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்த கணக்கு அது. அத்தனை பேர் கைநீட்டும் இடத்தில் மரக்கால் நேராக இல்லாவிட்டால் ஊர் இரண்டுபடும். 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்ததும், முன்பின் தெரியாதவர்கள் சண்டையில்லாமல் கொடுத்து வாங்கத்தான்.

வீட்டுக்குள் அவ்வளவு கறார் எதற்கு? ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். டம்ளர் 150 கொண்டால் என்ன, 200 கொண்டால் என்ன? நடுவில் டம்ளரை மாற்றாதவரை உப்புமா கெடாது. மாமியார் சொன்னபடியே செய்தும் மருமகளுக்குக் கைகூடாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். பக்குவத்தைச் சொல்வார்கள், டம்ளரைக் காட்ட மாட்டார்கள்!

கப்பையும் மில்லியையும் பொருத்திப் பார்க்க அரை லிட்டர் ஆவின் பாக்கெட் ஒன்று போதும். உங்கள் வீட்டு டம்ளரில் விளிம்புவரை ஊற்றுங்கள். இரண்டு டம்ளர் நிறைந்தால் அது ஆஸ்திரேலியக் கப்புக்குச் சமம். இரண்டரை வந்தால் ஜப்பான் கப். மூன்று வந்தால் ஏறக்குறைய 167 மில்லி. தராசு வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் போதும், ஒரு மில்லி ஒரு கிராம். எண்ணெயை அப்படி நிறுக்கக் கூடாது. ஒரு லிட்டர் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 910 கிராம் என்றுதான் போட்டிருக்கும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மருந்தில் மட்டும் வீட்டு அளவு வேண்டவே வேண்டாம். 5 மில்லி என்று டாக்டர் எழுதினால், புட்டியோடு வரும் மூடியில் கோடு பார்த்து ஊற்றுங்கள். அஞ்சறைப்பெட்டி ஸ்பூன் அங்கேயே கிடக்கட்டும்.