வட்டத்துக்குள் ஒரு பை

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, ரேஷன் கடை வாசல்களில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வட்டம். வெயில் ஏறியதும் அவற்றில் ஆட்கள் நிற்கமாட்டார்கள், பைகள்தான் நிற்கும். மஞ்சள் பை, ஜவுளிக்கடைக் கட்டைப் பை, பழைய எண்ணெய் கேன், பறந்துவிடாமல் இருக்க செங்கல் வைத்த உரச் சாக்கு. ஒரு வட்டத்தில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடக்கும். உடையவர்கள் எதிர்ச்சாரிச் சுவரோரம் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ஒருவருக்குச் சாமான் போட்டு முடித்ததும் யாராவது எழுந்துபோய் அத்தனை பைகளையும் ஒரு வட்டம் முன்னால் நகர்த்திவிட்டு வந்து உட்காருவார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருக்கோடிக் கடையில் இதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சண்டையே வரவில்லை. லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து அடித்துக்கொண்ட தெரு அது. எந்தப் பை யாருடையது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம் ஒரு பூக்கார அக்கா. கோயில் நடை சாத்தியாயிற்று, கல்யாணம் கிடையாது, பூ வாங்க ஆளில்லை. கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டு அவரும் ரேஷனுக்கு வந்திருந்தார். "அந்தச் செருப்பு பாய் வீட்டு ஆயாவுது. அதுக்குக் கால் வீங்கிக் கெடக்குது, முன்னால வுட்ருங்கப்பா" என்பார். யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். செருப்பு நான்கு வட்டம் தாண்டிப் போய்விடும்.

அவருக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். தினமும் சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கடனுக்குப் பூ கொடுத்தவர் அவர். எந்த வீட்டில் இரண்டு முழம் ஒரு முழமாயிற்று, எந்த வீட்டில் பூவே வேண்டாம் என்றார்கள், எந்த வீட்டில் சாமி படத்துக்கு மட்டும் வாங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். வேலை போன வீடும், மகன் தனிக்குடித்தனம் போன வீடும், சாவு விழுந்த வீடும் அவர் கணக்கில் உண்டு. நோட்டு எதுவும் வைத்துக்கொள்ளாத கணக்கு.

அரசாங்கத்திடமும் ஒரு கணக்கு இருந்தது. அது நல்ல கணக்குதான், குறை சொல்லமாட்டேன். அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை. கூட்டம் சேராமலிருக்கத் தேதியும் நேரமும் எழுதிய டோக்கன். நாட்டின் பல பகுதிகளில் அரிசிக்கே ஆலாய்ப் பறந்த மாதத்தில் இங்கே டோக்கன் வீடு தேடி வந்தது. எத்தனையோ வருஷமாக யார் ஆண்டாலும் கலைக்காமல் விட்டுவைத்த ரேஷன் கடை அன்றைக்குக் கைகொடுத்தது. ஆனால் அட்டை இல்லாதவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். தெருமுனை மொட்டைமாடிக் கொட்டகையில் நான்கு வடநாட்டுப் பையன்கள் முடங்கிக் கிடக்கிறார்கள், சமைக்க அடுப்பும் இல்லை என்பதைப் பூக்கார அக்காதான் வந்து சொன்னார். அவர்களை அம்மா உணவகத்துக்கு அனுப்பிவைத்ததும் அவரே.

2013 பிப்ரவரியில் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம் தொடங்கியபோது அதை ஓட்டுக்கான வித்தை என்று சொன்னவர்கள் உண்டு. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து, சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. ஊரடங்கில் ஓட்டல்கள் மூடிய காலையில், சென்னையில் கையேந்திபவனைக்கூட நம்பமுடியாத நிலையில், அந்த ஏழு வருஷத்துப் பழைய அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஜூன் 19 முதல் முழு ஊரடங்கு வந்தபோது அங்கே சாப்பாட்டுக்குக் காசே வாங்கவில்லை. சமைத்தவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், மாநகராட்சியிடம் நாள்கூலிக்கு வேலை பார்ப்பவர்கள். தொற்று உச்சத்தில் இருந்த வாரங்களிலும் விடிவதற்கு முன்னால் மாஸ்க்கும் தலையுறையுமாக இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு, சர்க்கரை வியாதிக்கார மாமியார் உண்டு. அந்த அடுப்பை அணையவிடாததற்கு இந்த நகரம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

அப்போது வீட்டுக்கு வீடு காய்ச்சல் விசாரிக்க மாநகராட்சி பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தெருத்தெருவாக அனுப்பியது. எங்கள் தெருவுக்கு வந்தது இருபது வயது தாண்டாத ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வெப்பமானி, இடுக்கில் நீள நோட்டு. முதல் வாரம் வாசலுக்கு இரண்டடி தள்ளி நின்று, "காய்ச்சல், சளி, இருமல் ஏதாச்சும் இருக்காம்மா?" என்று ஒப்பித்துவிட்டு, பதில் வருவதற்குள் "இல்லை" என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிடும். எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவோமோ என்ற பயம் அதன் கண்ணில் தெரியும். நாள் போகப்போகக் கேள்வி மாறியது. "பாட்டிக்கு பிரஷர் மாத்திரை வந்துச்சா? நேத்து வரலன்னீங்களே." "அண்ணனுக்கு வேலைக்குக் கூப்டாங்களா?" வாங்கிக் குடிக்க மறுத்த பக்கத்து வீட்டுத் தாத்தாவை வாசலில் உட்காரவைத்து, ஒரு டம்ளர் கபசுரக் குடிநீர் இறங்கும்வரை நகராமல் நின்றதைப் பார்த்தேன். நோட்டில் அதற்கெல்லாம் பத்தி கிடையாது. சில மாதத்தில் அந்தத் தற்காலிக வேலை முடிந்தது, அந்தப் பெண் வருவதும் நின்றது. அது தெரிந்துவைத்திருந்ததை எல்லாம் யாரும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய ஆள் யார்? எங்கள் வார்டு கவுன்சிலர். அப்படி ஒருவர் அப்போது கிடையாது. இதை எத்தனை பேர் இன்றைக்கு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. 2016 அக்டோபரில் சென்னை மாமன்றத்தின் காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்கவேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. முதல் அலை, இரண்டாம் அலை, ஆக்சிஜனுக்கு அலைந்த 2021 மே எல்லாமே கவுன்சிலர் இல்லாத வருஷங்களில் வந்து போயின. 200 வார்டுகளிலும் ஓட்டு வாங்கிய ஆள் ஒருவரும் இல்லை. அதிகாரிகள் தூங்காமல் உழைத்தார்கள், அதை மறுக்கமுடியாது. ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி, "எங்க தெருவுல தண்ணி வரல, அடச்சி வெச்ச வீட்டுக்குப் பால் போவல" என்று உரிமையோடு சத்தம் போட அதிகாரியின் வீடு நமக்குத் தெரியாது.

இது இந்த ஊருக்குப் பழக்கமான நிலைமையும்கூட. 1688இல் அமைந்த மாநகராட்சி இது, இந்தியாவிலேயே பழையது. 1973இல் கலைக்கப்பட்ட மாமன்றம் தேர்தல் நடந்து மறுபடி கூடியது 1996இல். ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்ற ஆளைப் பார்க்காமல் வளர்ந்து கல்யாணமும் முடித்துவிட்டது.

பட்டினிக்கு ஊர் என்ன செய்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஆயா நினைவுதான் வரும். ஆயா ஸ்டான்லி ஆஸ்பத்திரியை ஒருநாளும் ஸ்டான்லி என்று சொன்னதில்லை. 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பாள். ரிக்‌ஷாக்காரரிடம் "கஞ்சித் தொட்டிக்குப் போப்பா" என்றால் போதும், அவர் கேள்வி கேட்காமல் மிதிப்பார். சொந்தத்தில் யார் அங்கே படுத்திருந்தாலும் ஆயா தூக்கில் சோறு கட்டுவாள். எப்போதும் நான்கடுக்குத் தூக்கு. படுத்திருக்கிற அத்தைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி போதும், எதற்கு இவ்வளவு என்று அம்மா கேட்டால் ஆயா பதில் சொல்லமாட்டாள். வார்டுக்குள் போனதும் அத்தையிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவாள். "எந்த ஊரும்மா? திருத்தணிப் பக்கமா? கூட யாரு இருக்கா?" கூட இருப்பவர் பெரும்பாலும் ராத்திரியெல்லாம் கட்டிலுக்கடியில் படுத்திருந்த புருஷனாகவோ மகளாகவோ இருப்பார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த காசு பஸ்ஸுக்கும் மருந்துக்கும் போயிருக்கும். தட்டு இல்லை என்றால் தூக்கு மூடியில் போட்டுக் கொடுப்பாள். கத்தரிக்காய்க் காரக்குழம்பு, சுட்ட அப்பளம். நோயாளியைவிடக் கூட இருப்பவர்தான் ஆஸ்பத்திரியில் பட்டினி கிடப்பார் என்பது அவள் கண்டுபிடிப்பு. திரும்பும்போது தூக்கு காலி, ஆனால் நான்கு ஊர்க் கதை கைவசம் இருக்கும்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருப்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஹைதர் அலியின் படைக்கும் கம்பெனிப் படைக்கும் நடுவில் சிக்கிய கிராமங்கள் காலியாகி, ஜனங்கள் பட்டணத்தை நோக்கி வந்தார்கள். 1782இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். வந்தவர்களில் பலர் நோயாளிகள், ஆகவே 1799இல் சத்திரத்தோடு வைத்தியசாலையும் சேர்ந்தது. அது வளர்ந்து பெரிய ஆஸ்பத்திரியாகி, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் வந்தது. கஞ்சி முதலில், மருந்து பிற்பாடு. நூறு வருஷம் கழித்துத் தாது வருஷப் பஞ்சத்தில் அரசாங்கம் கஞ்சிக்குப் பதில் கடப்பாரையைக் கொடுத்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படிப் பஞ்சக் கூலிக்குத் தோண்டியதுதான். நான் ஆயாவின் கட்சி: பசித்தவனிடம் முதலில் வேலை கேட்கக்கூடாது.

2020 மே மாதத்தில் சென்னையிலேயே தொற்று அதிகமாக இருந்தது ராயபுரம் மண்டலத்தில். நெருக்கியடித்த வீடுகள், பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய். ஸ்டான்லி கொரோனா சிகிச்சை மையமாகியிருந்தது. ஆயாவின் தூக்கு அந்த வாசலில் நின்றுபோயிருக்கும். உள்ளே யாரையும் விடவில்லை, விடவும் முடியாது. பெயரும் வார்டு எண்ணும் எழுதி ஒட்டிய பைகளைச் சொந்தக்காரர்கள் வாசலில் கொடுத்துவிட்டு, பை உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தெருவையும் நான் உயர்த்திப் பேசிக்கொண்டே போகமுடியாது. வட்டம் போட்ட அதே ஏப்ரலில் இந்த நகரத்தில், தொற்றில் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்து விரட்டினார்கள். அவரோடு வேலை பார்த்த இன்னொரு மருத்துவர் ராத்திரியோடு ராத்திரியாகத் தன் கையால் மண் தள்ளி அடக்கம் செய்தார். தொற்று வந்து வாசலில் தகரம் அடித்த வீடுகளை ஊரே திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போயிற்று. பின்னால் எந்த மதத்தவர் உடலானாலும் எடுத்து அடக்கம் செய்யத் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (தமுமுக) தொண்டர்கள் போன்றவர்கள் கவச உடையோடு வந்தார்கள். அதைச் செய்ய முன்வந்தவர்களும் தெருக்காரர்கள்தான், கல்லெடுத்தவர்களும் தெருக்காரர்கள்தான். அந்தக் கூட்டத்தின் நடுவே போய், "நான் உங்க ஓட்டுல ஜெயிச்சவன், சொல்றேன், கல்லக் கீழ போடுங்க" என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? போலீஸ் சொல்வது வேறு. தினமும் டீக்கடையில் பார்க்கிற ஆள் சொல்வது வேறு. கவுன்சிலர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் நம்பவில்லை. கமிஷன் கேட்டவர்களை எனக்கும் தெரியும். ஆனால் கெட்ட கவுன்சிலரைக்கூட அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். இல்லாத கவுன்சிலரை ஒன்றும் செய்யமுடியாது.

இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் 28 வயது ஆர். பிரியா மேயரானார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித் பெண். வார்டு குழு, பகுதி சபை என்று விதிகளும் வந்துவிட்டன. எங்கள் பகுதி சபைக்குப் போனேன். கால்வாய், தெருவிளக்கு, நாய்த் தொல்லை பற்றிப் பேசினார்கள். எல்லாம் வேண்டியவைதான். அங்கே நான் கேட்டது ஒரு பட்டியல். இந்தத் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார், தினம் மாத்திரை வேண்டியவர் யார், அட்டை இல்லாதவர் எந்த மாடியில் இருக்கிறார், படுத்த படுக்கையானவர் எந்த வீட்டில் என்று வார்டு அலுவலகத்தில் ஒரு நோட்டு இருக்கவேண்டும், வருஷம் ஒருமுறை அதைத் திருத்தவேண்டும் என்றேன். அதை எழுதப் பூக்கார அக்கா மாதிரி ஒருவரையும், காய்ச்சல் விசாரிக்க வந்த பெண் மாதிரி ஒருவரையும் கூப்பிட்டுக் கூலி கொடுத்து உட்காரவைக்கலாம். வெள்ளம் வந்தாலும் நோய் வந்தாலும் முதல் இரண்டு நாள் அந்த நோட்டுதான் உதவும்.

அம்மா உணவகப் பெண்களின் நாள்கூலி 2024இல் 300 ரூபாயிலிருந்து 325 ஆயிற்று. போதாது. கொள்ளைநோயில் அடுப்படியில் நின்றவர்களுக்கு இருபத்தைந்து ரூபாய் உயர்வு போதவே போதாது.

இன்னொன்று. மாமன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கவேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243யு பிரிவு. 2022இல் கூடிய மன்றத்தின் காலம் 2027 மார்ச்சோடு சரி. தேர்தல் தள்ளிப்போகிறது என்று காதில் விழுந்தால், எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், தயவுசெய்து சும்மா இருந்துவிடாதீர்கள்.