நடுவில் விழும் பந்து

நம் விமர்சகர்களுக்கு டென்னிஸ் என்றால் ஒற்றையர்தான். தனி ஒருவன், எதிரே உலகம் என்கிற சித்திரம் நவீனத்துவத்துக்குச் சௌகரியமானது. இரட்டையர் ஆட்டத்தை ரிட்டயரானவர்களின் சாயங்காலப் பொழுதுபோக்காக ஒதுக்கிவிடுகிறார்கள். நான் ஒதுக்கத் தயாரில்லை.

2011 ஜனவரியில் சென்னை ஓப்பன் இறுதியாட்டத்தில் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் ராபின் ஹாஸே – டேவிட் மார்ட்டின் ஜோடியை 6-2, 6-7, 10-7 என்று வென்றார்கள். நுங்கம்பாக்கத்தில் அவர்கள் சேர்ந்து பெற்ற ஐந்தாவது பட்டம். முந்தையவை 1997, 1998, 1999, 2002. 1999இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதிகளிலும் ஆடி, பிரெஞ்சு, விம்பிள்டன் இரண்டையும் வென்றவர்கள். பிறகு பிரிந்து, பரஸ்பரம் குறை சொல்லி, மறுபடி சேர்ந்திருந்தார்கள். அப்போது சிதம்பரத்தில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த நானும் ஒரு நண்பரும் டி.வி.யில் பார்த்தோம். சிநேகம் திரும்பிவிட்டது என்றார் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வலையருகே நிற்பவன் முதுகுக்குப் பின்னால் விரல்களை மடக்கிக் காட்டுகிறான்: குறுக்கே பாய்வேன், அல்லது நிற்பேன். சர்வீஸ் போடும் கூட்டாளிக்கு மட்டுமான பாஷை. 40-40 ஆகிவிட்டால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். அந்த சர்வீஸை இருவரில் யார் எதிர்கொள்வது என்பதை எதிர்ஜோடி அந்தக் கணத்தில் தீர்மானிக்கவேண்டும். கோர்ட் ஒற்றையருக்கு 27 அடி அகலம், இரட்டையருக்கு 36. கூடுதலான ஒன்பது அடியும் ஓரங்களில் இருக்கிறது. ஆனால் ஜோடியின் லட்சணம் தெரிவது நடுவில் வருகிற, இன்னாருடையது என்று எழுதிவைக்காத பந்தில்தான். அதற்கு சிநேகம் வேண்டியதில்லை. மற்றவன் எங்கே நிற்பான் என்கிற ஞாபகம் போதும். சிதம்பரம் கோயிலில் ஒரே இடத்தில் நின்று நடராஜரையும் கோவிந்தராஜரையும் பார்க்கலாம். அவரவர் பக்தர்கள் போட்ட சண்டையும் வழக்கும் வேறு விஷயம்.

ஞாபகம் எவ்வளவு தூரம் வரும் என்பதும் கேள்விதான். அந்த வருஷக் கடைசியில் மறுபடி பிரிந்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் பூபதி பயஸுடன் ஆட மறுத்து ரோஹன் போபண்ணாவுடன் ஆடினார். பயஸுக்கு விஷ்ணு வர்தன் துணை. இரு ஜோடிக்கும் பதக்கமில்லை. போட்டியே 2018இல் சென்னையை விட்டு புனேக்குப் போய்விட்டது.

நானும் அதே நண்பரும் ஆறு வருஷமாகச் சேர்ந்து விமர்சனம் எழுதுகிறோம். நான் கடலூரில் வங்கி குமாஸ்தா. அவர் சிதம்பரத்திலேயே தங்கிவிட்டார். எந்த வாக்கியம் யாருடையது என்று இந்தச் சிறு வட்டத்திலேயே கேட்கிறார்கள். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் உபாயம் என்று ஒருவர் கடிதம் எழுதினார். எங்கள் எழுத்தில் உருப்படியானவை இருவருமே சொந்தம் கொண்டாட முடியாத வாக்கியங்கள் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

மார்ச்சிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஒரு மூத்த கவிஞரின் தொகுப்பை மகத்தானது என்கிறார் அவர். நான் இல்லை என்கிறேன். ஆனாலும் கட்டுரை தபாலில் போய்வந்துகொண்டுதான் இருக்கிறது. போன வாரம் வந்த பிரதியில் அந்தத் தொகுப்பைப் பற்றிய பகுதிக்கு அரைப் பக்கம் வெற்றாக விட்டிருக்கிறார். யார் எழுதவேண்டும் என்று குறிப்பேதும் இல்லை. எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.